பிரேக் பிடிக்கலைன்னு சொல்லாதீங்க, டிரைவர் தூங்கினாரான்னு கேளுங்க

கொஞ்சம் நீளமான இழை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைன்னு பிளான் போட்டு வச்சிருக்கிறவங்க முழுசா படிச்சுட்டுக் கிளம்புங்க. திட்டணும்னா கடைசியில திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

மலையடிவாரத்துல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்குற சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர் நான். கேஷுவாலிட்டி டியூட்டி. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாலோ, சனி ஞாயிறோட ஒரு அரசு விடுமுறை ஒட்டிக்கிட்டு வந்தாலோ எங்க ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மேல வண்டி வரும்னு. டிராலியைத் துடைச்சு வாசல்லயே நிறுத்தி வச்சிருவாங்க.

மறுநாள் செய்தி எப்பவும் ஒரே மாதிரி வரும். "பிரேக் பிடிக்காததால் வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது." இல்லைன்னா "ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்த கார்." இந்த ரெண்டு வரிக்கும் எதிராத்தான் இதை எழுதுறேன்.

ஆஸ்பத்திரியில ஒருத்தர் இறந்தா, இறப்புக்கான காரணத்தை நாங்க எழுதித் தரணும். படிவம் 4ன்னு பேரு. நோயோ, காயமோ, சிக்கலோ, எது உயிரைப் பறிச்சதோ அதை எழுதணும், இதயச் செயலிழப்புன்னு சாவு வந்த விதத்தை எழுதக் கூடாதுன்னு அந்தத் தாள்லயே போட்டிருக்கும். ஏன்னா செத்துப்போற எல்லாருக்கும்தான் இதயம் நிக்குது. அதை எழுதினா ஒண்ணும் எழுதலைன்னு அர்த்தம். அதனால அடுத்தடுத்த வரியில கேட்பாங்க: இது எதனால வந்தது? அது எதனால? அதுக்கும் அடியில என்ன?

"பிரேக் பிடிக்கல" என்பது "இதயம் நின்னுபோச்சு" மாதிரியான பதில். அதுக்குக் கீழ இருக்குற வரிகளை யாரும் நிரப்புறதே இல்ல. நான் நிரப்பிப் பார்க்குறேன்.

முதல் வரி. பிரேக் ஏன் பிடிக்கல?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டரை ஒட்டி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. பன்னெண்டு பேரும் அவங்க மூட்டை முடிச்சும் ஏறின வண்டி அங்கிருந்து இங்க இறங்கும்போது, அந்த உயரம் முழுக்க வேகமா மாறப் பார்க்கும். அதை ரெண்டு வழியில தடுக்கலாம். ஒண்ணு இன்ஜின். ரெண்டாம் கியர்ல போட்டுட்டா இன்ஜினே வண்டியைப் பின்னாடி இழுத்துப் பிடிக்கும். இன்னொண்ணு பிரேக். பிரேக் செய்யுற வேலை உரசல், உரசினா சூடு. தொடர்ந்து அமுக்கிக்கிட்டே இறங்கினா லைனிங் சூடேறிப் பிடிமானம் போயிடும். பிரேக் ஆயில் பழசா இருந்தா அதுல ஈரம் சேர்ந்திருக்கும். அது கொதிச்சு ஆவியானா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், சக்கரத்துல ஒண்ணும் நடக்காது. டீசல் மிச்சம்னு இன்ஜினை அணைச்சுட்டு இறங்குற புத்திசாலிகள் இன்னமும் இருக்காங்க. காரிலும் வேனிலும் பிரேக்குக்குத் துணை செய்யுற வேக்குவம் இன்ஜின் ஓடினாத்தான் கிடைக்கும். அணைச்ச பிறகு ரெண்டு மூணு மிதிதான், அப்புறம் பெடல் கல்லு. பஸ்ஸுல ஏர் பிரேக். சும்மா சும்மா மிதிச்சுக்கிட்டே வந்தா காற்றழுத்தம் இறங்கும்.

ஆக, நல்லா இருந்த பிரேக்கும் மலையில மேல இருந்து கீழ வர்றதுக்குள்ள "ஃபெயிலியர்" ஆகலாம். வண்டியை அப்புறம் தூக்கி ஆறவிட்டுப் பார்த்தா பிரேக் ஒழுங்கா வேலை செய்யும். "எப்.சி. எல்லாம் கரெக்டா இருந்துச்சு மேடம்"னு ஓனர் சொல்றது பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல.

ரெண்டாவது வரி. ரெண்டாம் கியர்ல இறங்கணும்னு எல்லா மலைப்பாதையிலும் போர்டு இருக்கே, ஏன் அவர் பிரேக்லயே கால் வச்சிருந்தார்?

இருபது வருஷமா ஓட்டுறவருக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததே ஒரு டிரைவர் அண்ணன்தான். விலா எலும்பு உடைஞ்சு படுத்திருந்தார். அவர் கண்ணுல ரத்தச் சிவப்பு, அது அடிபட்டதால வந்தது இல்ல. "அண்ணே, கடைசியா எப்ப தூங்குனீங்க?"ன்னு கேட்டேன். யோசிச்சார். "இன்னைக்கு என்ன கிழமை மேடம்?"னு திருப்பிக் கேட்டார். அடுத்த கேள்வியா "அந்தப் பாப்பா எப்படி இருக்கு?"ன்னார். பாப்பாவுக்கு நெத்தியில ரெண்டு தையல், அவ்வளவுதான்னு சொன்னதும்தான் அவரை ஊசி போட விட்டார்.

அவரோட அந்த ட்ரிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது அவர் ஒருத்தர் கதை மட்டும் இல்ல, உங்க ஆபீஸ் டூரும் இப்படித்தான் இருக்கும், சரிபார்த்துக்கோங்க.

வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு எழுந்தவர். பகல்ல ஓனர் வேற ஒரு லோக்கல் ட்ரிப் போட்டிருக்கார். ராத்திரி ஒன்பது மணிக்கு சென்னையில உங்களை ஏத்துறார். ஊட்டிக்குச் சுமார் 550 கிலோமீட்டர். நீங்க பின்னாடி சீட்டைச் சாய்ச்சுத் தூங்குறீங்க. விடியற்காலை மேட்டுப்பாளையம் வரும்போது அவர் முழிச்சு 24 மணி நேரம். அந்த நேரத்துலதான் முதல் கொண்டை ஊசி வளைவு. எட்டு மணிக்கு ரூம். நீங்க குளிச்சு டிபன் சாப்பிடுறீங்க. பத்து மணிக்குத் தொட்டபெட்டா, அப்புறம் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், முடிஞ்சா பைக்காரா. ஒவ்வொரு இடத்துலயும் பார்க்கிங் கிடைக்காம அவர் வண்டியை நகர்த்திக்கிட்டே இருக்கார். ராத்திரி கேம்ப் ஃபயர், பாட்டு, ஆட்டம். பன்னெண்டு மணிக்கு நீங்க கம்பளிக்குள்ள. அவர் டிரைவர் சீட்ல. காலையில அஞ்சரைக்கு சன்ரைஸ் பார்க்கணும்னு கண்ணாடியைத் தட்டுறீங்க. ஞாயிறு குன்னூர், சிம்ஸ் பார்க், டால்பின் நோஸ். மூணு மணிக்கு "அண்ணே, கிளம்பலாம். திங்கட்கிழமை காலையில ஆபீஸ்."

இறங்குறார். ரெண்டு ராத்திரி உருப்படியா தூங்காத ஒரு உடம்பு இறங்குது.

இப்ப கொஞ்சம் மருத்துவம். தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கிற ஒருத்தரோட கவனமும் கை கால் வேகமும், ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறவர் அளவுக்குக் குறையுது. 24 மணி நேரம் ஆச்சுன்னா அது 100 மில்லிகிராமுக்குச் சமம். நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல குடிச்சுட்டு ஓட்டினதா கேஸ் போடுற அளவு என்ன தெரியுமா? 30 மில்லிகிராம். அதாவது ஒரு சொட்டு குடிக்காத அந்த டிரைவர், சட்டம் அனுமதிக்கிற அளவைப் போல மூணு மடங்கு "போதை"யில உங்க குடும்பத்தை மலை ஏத்தியிருக்கார். அவரை ஊதச் சொன்னா மெஷின் பூஜ்ஜியம் காட்டும். தூக்கத்தை அளக்க மெஷின் கிடையாது.

தூக்கம் போதாத மூளையில முதல்ல போறது முன்யோசனை. "வளைவு வருது, இப்பவே கியரைக் குறைக்கணும்" என்பது முன்யோசனை. "வண்டி வேகமா போகுது, மிதி" என்பது அனிச்சை. களைச்ச மூளை ரெண்டாவதைத்தான் பிடிச்சுக்கும். அதான் கால் பிரேக்லயே கிடக்குது. அப்புறம் நுண்தூக்கம்னு ஒண்ணு இருக்கு. கண்ணு திறந்தே இருக்கும், மூணு நாலு செகண்ட் மூளை ஆஃப். தூங்கினது அவருக்கே தெரியாது. 40 கிலோமீட்டர் வேகத்துல நாலு செகண்ட் என்பது 44 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி வானத்துல போறதுக்கு அது தாராளம்.

டீ குடிச்சா சரியாயிடும், முகம் கழுவினா சரியாயிடும், இளையராஜா பாட்டு சத்தமா போட்டா சரியாயிடும்னு சொல்லுவீங்க. ராஜா பாட்டு எனக்கும் உசுரு. ஆனா அது தூக்கத்துக்கு மாற்று மருந்து இல்ல. டீயில இருக்குற காஃபின் வேலை செய்யவே இருபது முப்பது நிமிஷம் ஆகும், செஞ்சாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். தூக்கத்துக்கு ஒரே மருந்து தூக்கம். ராத்திரி ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும், மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் உடம்போட கடிகாரமே கீழ இழுக்கும். உங்க டூர் அட்டவணையில மலை ஏறுறதும் இறங்குறதும் எந்த நேரத்துல வருதுன்னு ஒரு தடவை பாருங்க.

இதோட இன்னொரு கொடுமை. குமட்டலுக்கு அவோமின், சளிக்கு செட்ரிசின், சி.பி.எம். இதெல்லாம் தூக்கத்தைக் கொண்டு வர்ற மாத்திரை. பின்னாடி உட்கார்றவங்க போட்டுக்கலாம். "அண்ணே, உங்களுக்கும் சளியா இருக்கே, ஒண்ணு போட்டுக்கோங்க"ன்னு அன்பா டிரைவருக்கு நீட்டாதீங்க.

மூணாவது வரி. அவர் ஏன் தூங்கல?

இதுக்குப் பதில் ரொம்பச் சின்னது. படுக்க இடம் இல்ல.

உங்களுக்கு மலையைப் பார்த்த மாதிரி ரூம். ரூம் டாரிஃப்ல வெல்கம் டிரிங்க் இருக்கு, போன்ஃபயர் இருக்கு, நாய்க்குட்டிக்குக்கூட படுக்கை தர்றோம்னு விளம்பரம் வருது. டிரைவருக்கு? "பார்க்கிங்ல படுத்துக்குவாரு சார்." கழிப்பறைக்கு, பின்பக்கம் எங்கேயாவது. சாப்பாட்டுக்கு, உங்க பேட்டாவுல வெளிய எங்கேயாவது. டிசம்பர் ஜனவரியில ஊட்டியில புல்லு மேல உறைபனி விழுது. அந்தக் குளிர்ல டிரைவர் சீட்டை முக்கால்வாசி சாய்ச்சு, கால் ஸ்டீரிங்குக்குக் கீழ மடங்கி, லுங்கியைப் போர்த்திப் படுத்தா நீங்க எத்தனை மணி நேரம் தூங்குவீங்க? உங்க ஆறு மணி நேர டிரைவுக்கு உங்க முதுகு என்ன சொல்லும்?

குளிர் தாங்காம சிலர் கண்ணாடியை ஏத்திட்டு ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவாங்க. புகைக்குழாய்ல கசிவு இருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, வாந்தி, மயக்கம், அப்படியே முடிஞ்சுது.

கேம்பிங் பண்றவங்களும் இதை ரெண்டு தடவை படிங்க. பார்பிக்யூ முடிஞ்சதும் தணல் வீணாப்போகுதேன்னு கரி அடுப்பை டென்டுக்குள்ளயோ ரூமுக்குள்ளயோ தூக்கிட்டுப் போறீங்க இல்ல, அதே வாயுதான். 2024ல கொடைக்கானல்ல இப்படிக் கரி அடுப்போட ரூமைச் சாத்திட்டுப் படுத்த இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்ல. காலையில தலைவலியோட எழுந்தா "மலை உயரம் ஒத்துக்கல", "நேத்து சரக்கு சரியில்ல"ன்னு சொல்லிக்கிட்டு மறுபடி படுப்பாங்க. ஊட்டி, கொடைக்கானல் உயரத்துக்கெல்லாம் மலை நோய் வர்றது அபூர்வம். விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இந்த விஷத்துல 98, 99னு அழகா காட்டி ஏமாத்தும், அதை நம்பாதீங்க. ஒரே டென்ட்ல ஒண்ணுக்கு மேல ஆளுக்குத் தலைவலின்னா எல்லாரையும் வெளிக்காத்துக்கு இழுத்துட்டு 108க்குப் போன் பண்ணுங்க. டென்டே முதல்ல அனுமதி வாங்கின இடத்துலதான் இருக்கான்னு கேட்டீங்களா? 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில டென்ட்ல தங்கியிருந்த ஒரு ஆசிரியையை யானை அடிச்சுக் கொன்ன பிறகுதான் அங்க அதிகாரிகள் கணக்கெடுக்கவே கிளம்பினாங்க.

திரும்ப டிரைவருக்கு வர்றேன். "சட்டம் ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்பீங்க. ஜோரா இருக்கு. 2025 வரைக்கும் நடைமுறையில இருந்தது மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொலைதூரத்துக்கு அனுமதியோட 10 மணி நேரம் வரைக்கும். தொடர்ந்து 5 மணி நேரம் வேலை பார்த்தா அரை மணி நேரமாவது ஓய்வு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 91வது பிரிவும் இதே வேலை நேரத்தைத்தான் சொல்லுது. என் அப்பா அம்மா கல்யாணத்துக்கும் முன்னாடி வந்த சட்டம். ஒரு டிரைவர்கிட்டக்கூட இதைச் சொல்லி அவர் கேள்விப்பட்டிருக்கேன்னு சொல்லி நான் பார்த்ததில்ல.

அது மட்டும் இல்ல. 2023ல நம்ம தமிழ்நாடு அரசே கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல், லாட்ஜ் எல்லாம் வர்ற வண்டிகளோட டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தரணும்னு சேர்த்தாங்க. நல்ல விதி. மனசாரப் பாராட்டுறேன். ஆனா நீங்க கடைசியா தங்கின ரிசார்ட்ல அந்த ரூம் எங்க இருந்துச்சு? நீங்க பார்த்தீங்களா? கேட்டீங்களா? விதி பேப்பர்ல தூங்குது, டிரைவர் வண்டியில முழிச்சிருக்கார்.

அரசாங்கத்தையும் ஒண்ணு கேட்கணும். உயர் நீதிமன்ற உத்தரவுல 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல்ல எண்ணிக்கையும் கட்டுப்படுத்தினாங்க. நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை தாங்குற அளவுக்குத்தான் வண்டி விடணும்னு சொல்றது முழுக்க நியாயம், நான் அதை எதிர்க்கல. வண்டியைப் பத்தி, வர்ற ஆட்களைப் பத்தி, எத்தனை நாள், எங்க தங்குறீங்கன்னெல்லாம் விவரம் வாங்குறீங்க. அதே படிவத்துல இன்னும் ஒரே ஒரு கட்டம் போடுங்க: "ஓட்டுநர் எங்கே தூங்குவார்?" பதில் காலியா இருந்தா பாஸ் கிடையாது. இதுக்கு ஒரு ரூபா செலவு கிடையாது. ரிசார்ட்காரங்க ஒரே வாரத்துல கட்டில் வாங்கிப் போடுவாங்க.

அடுத்தது நிக்குற இடம். மலைப்பாதையில ரசிக்கிறதுக்கு இடம் கட்டுறாங்க, ஓய்வெடுக்கக் கட்டுறதில்ல. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் ஏறுங்க. டம்டம் பாறை இருக்கு, வெள்ளி நீர்வீழ்ச்சி இருக்கு. நிறுத்துறாங்க, போட்டோ எடுக்குறாங்க, சோளம் வாங்குறாங்க, குரங்குக்கு பிஸ்கட் போடுறாங்க, பின்னாடி வண்டி வரிசையா ஹாரன் அடிக்குது. அங்க ஒரு டிரைவர் அரை மணி நேரம் கண்ணை மூட முடியுமா? 40 வளைவு வால்பாறை, 70 வளைவு கொல்லிமலை. எந்த வளைவுல வண்டியை ஓரம் கட்டி பிரேக் ஆறவிடலாம், எங்க சுத்தமான கழிப்பறை இருக்குன்னு ஒரு போர்டு பார்த்திருக்கீங்களா? "இயற்கையை ரசியுங்கள்"னு போர்டு பார்த்திருப்பீங்க.

இதுல பெண்கள் கதை தனி. மலை ஏறுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவாங்க. எனக்குத் தெரியும், நானும் அதே கணக்குப் போட்டுத்தான் பஸ் ஏறுறேன். விளைவு, டூர் முடிஞ்ச மறுநாள் நீர்க்கடுப்போட ஓ.பி.யில நிப்பாங்க. சர்க்கரை இருக்குற அம்மா, புராஸ்டேட் வீங்கின அப்பா, இவங்களும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. பாதி மலையில ஒரு நல்ல கழிப்பறையும் டீக்கடையும் பத்து வண்டி நிக்கிற அளவு சமதளமும் இருந்தா, அங்க வண்டியும் ஆறும், ஆளும் ஆறுவார். பர்லியாறு பழக்கடைகள்ல கொஞ்சம் அப்படி நடக்குது. அது மாதிரி ஒவ்வொரு பாதையிலும் வேணும்.

இப்ப கமெண்ட்ல வரப்போற பதில்கள். முன்கூட்டியே சொல்லிடுறேன்.

"டிரைவர் தண்ணி அடிச்சிருப்பான்." அடிச்சிருந்தா எங்க ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல வாசனை அடிச்சுதா, இல்லையான்னு எழுதுவோம், ரத்தம் எடுத்து அனுப்புவோம். அதுக்கு வழி இருக்கு. மத்தவங்களைப் பத்தித்தான் பேசுறேன். செத்துப்போனவர் மேல பழி போடுறது சுலபம், அவர் கமெண்ட் போட மாட்டார்.

"அவருக்கு பேட்டா தர்றோமே." ஒரு நாள் பேட்டாவுல சீசன் நேரத்து ஊட்டியில ரூம் எடுக்க முடியுமான்னு நீங்களே சொல்லுங்க. அதை வீட்டுக்கு மிச்சம் பிடிச்சுத்தான் அவர் பிள்ளைக்கு நோட்டு வாங்குறார்.

"நாங்க ரூம்ல படுக்கச் சொன்னோம், அவர்தான் வேணாம்னுட்டார்." குடும்பத்தோட வந்திருக்கீங்க, உங்க ரூம்ல வந்து அவர் எப்படிப் படுப்பார்? கூச்சம். தனியா ஒரு கட்டில் இருக்குன்னு சாவியைக் கையில குடுத்துப் பாருங்க, வேணாம்னு சொல்றாரான்னு.

"நாங்க செல்ஃப் டிரைவ், எங்களுக்கு இது பொருந்தாது." உங்களுக்குத்தான் ரொம்பப் பொருந்தும். அவருக்காவது இருபது வருஷப் பழக்கம். நீங்க வாரம் முழுக்க லேப்டாப், வெள்ளி ராத்திரி ஸ்டீரிங். ஆட்டோமேட்டிக் கார்னா 'டி'யில போட்டுட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீங்க, 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாத்துங்க. எலக்ட்ரிக் கார் வச்சிருக்கவங்க மேலேயே 100 சதவீதம் சார்ஜ் ஏத்திட்டுக் கிளம்பாதீங்க. பேட்டரி நிரம்பியிருந்தா இறக்கத்துல மோட்டார் பிடிச்சு இழுக்கிறது குறையும், எல்லாப் பாரமும் பிரேக் மேல வரும்.

"இதெல்லாம் விதி டாக்டர்." 2018 அக்டோபர்ல கல்லட்டி பாதையில சென்னைக்காரங்க 7 பேர் போன கார் பள்ளத்துல விழுந்து, ரெண்டு நாளா யாருக்கும் தெரியாமலே கிடந்துச்சு. 5 பேர் போயிட்டாங்க. 2022 டிசம்பர்ல சபரிமலை போயிட்டுத் திரும்பின தேனி மாவட்டத்துக்காரங்க 8 பேர் குமுளி மலைப்பாதையில. 2023 செப்டம்பர் 30, ஊட்டி பார்த்துட்டு தென்காசி பக்கம் திரும்பின பஸ், குன்னூருக்குக் கீழ மரப்பாலம், 9 பேர். இந்த மூணுலயும் இதுதான் காரணம்னு நான் தீர்ப்பு சொல்லல, அது விசாரிச்சவங்க வேலை. ஆனா மூணு வண்டியும் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. விதிக்கு ஏன் எப்பவும் இறக்கம்தான் பிடிக்குதுன்னு மட்டும் யோசிங்க.

அடிபட்டவங்களைப் பார்த்தா என்ன செய்யணும்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. மலைப்பாதையில ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் எழுதியிருக்கும். 108ல பேசும்போது "மலையில ஒரு இடத்துல"ன்னு சொல்லாம, எந்தப் பாதை, எந்த வளைவு நம்பருக்கு மேல அல்லது கீழன்னு சொல்லுங்க. எங்களுக்கு அது பத்து நிமிஷம் மிச்சம். தீப்பிடிச்சாலோ வண்டி சரியுற மாதிரி இருந்தாலோ தவிர உள்ள இருக்கிறவங்களைக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, கழுத்து எலும்பு உடைஞ்சிருக்கலாம். ரத்தம் கொட்டுற இடத்துல துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. உதவி செஞ்சவங்களை கேஸ்ல இழுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு, பயப்படாதீங்க. "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டாங்க, வெளி மாநிலத்துக்காரங்களா இருந்தாலும் சரி.

இந்த வாரம் கிளம்புறவங்களுக்கு. ராத்திரிப் பயணத்தை விடுங்க, வெள்ளி ராத்திரி வீட்ல தூங்கிட்டு சனிக்கிழமை காலையில கிளம்புங்க. ஒரு ஸ்பாட் குறையும், குறையட்டும். ராத்திரிதான் போயாகணும்னா ரெண்டு டிரைவர் கேளுங்க, கூடுதல் காசை ஆளுக்குப் பிரிச்சா ஒரு பீட்சா விலைகூட வராது. வண்டி புக் பண்ணும்போது "டிரைவர் இன்னைக்குப் பகல்ல வேற ட்ரிப் போனாரா?"ன்னு ஓனர்கிட்ட நேரா கேளுங்க. இறங்குறதைக் காலையில வச்சுக்கோங்க. பாதி வழியில பாதுகாப்பான இடம் பார்த்து இருபது நிமிஷமாவது நிறுத்தச் சொல்லுங்க, நீங்க நிறுத்தச் சொன்னாத்தான் அவர் நிறுத்துவார். "சீக்கிரம் போங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது.

ரூம் புக் பண்ணும்போது ரிசார்ட்டுக்குப் போன் போட்டு வைஃபை இருக்கா, ஹீட்டர் இருக்கான்னு கேட்பீங்க இல்ல? அதோட "டிரைவருக்குக் கட்டிலும் பாத்ரூமும் எங்க இருக்கு, போட்டோ அனுப்புங்க"ன்னு கேளுங்க. "வண்டியிலயே படுத்துக்குவாரு சார்"னு பதில் வந்தா புக்கிங்கை ரத்து பண்ணுங்க, ஏன் ரத்து பண்ணீங்கன்னு ரிவ்யூவுல எழுதுங்க. அந்த ரிவ்யூவோட ஸ்கிரீன்ஷாட்டை இந்த இழைக்குக் கீழ போடுங்க. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைன்னு ஊர்வாரியா தொகுத்து, டிரைவருக்குக் கட்டில் தர்ற இடங்களோட பட்டியலை சீசன் முடியறதுக்குள்ள நானே இங்க போடுறேன்.